எக்காளம் ஊதும் படம்

ஞானசிகாமணிக்குக் கார்னெட் என்ற பித்தளைக் குழலை வாசிக்கத் தெரியும் என்பதைப் பாளையங்கோட்டையில் யாரும் மறுத்ததில்லை. பிரமாதமாக வாசிப்பார் என்று அவரைத் தவிர வேறு யாரும் சொன்னதுமில்லை. மிஷன் பள்ளிக்கூடத்தில் பட்டாளத்து வாத்தியம் சொல்லிக்கொடுத்த ஒரு கிழட்டு பேண்டுக்காரரிடம் படித்தது அது. கூடப் படித்தவர்கள் வாத்தியார்களாகவும் குமாஸ்தாக்களாகவும் ஆகி, ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டுப் போட்டுக்கொண்டு சர்ச்சில் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். ஞானசிகாமணி கார்னெட்டோடு நின்றுவிட்டார். ஆகவே, தாமும் ஒரு கோட்டுப் போட்டாக வேண்டும் என்ற எண்ணம் அவரை விடவில்லை.

அவருடைய பேண்டுக்கு சீயோன் பேண்டு என்று பெயர். மைத்துனன் கிருபைராஜ் பெரிய டிரம் அடித்தான். கிளாரினெட்டும் மற்றக் குழல்களும் ஊதியவர்கள் பகலில் வேறு வேலை பார்த்தவர்கள். சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்குப் போவார்கள், மிராசுதார் வீட்டுக் கல்யாணத்துக்குப் போவார்கள், மேலப்பாளையத்தில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குப் போவார்கள், எழவு வீட்டுக்கும் போவார்கள். இடத்துக்கு ஒரு வேஷம். கல்யாணத்துக்கு இரவல் சிவப்புக் கோட்டு. மேலப்பாளையத்துக்குப் பச்சைத் தலைப்பாகை. எழவுக்கு வெறும் வேட்டி, திறந்த தலை, டிரம்மின்மேல் ஒரு கறுப்புத் துணி. எல்லாம் ஒரே ஆட்கள்தான் என்பது தாமிரபரணியின் இரண்டு கரைக்கும் தெரியும். ஆனால் பந்தலில் சிவப்புக் கோட்டோடு நிற்கும் கிருபைராஜைப் பார்க்கிற கல்யாண வீட்டுக்காரர், போன மாதம் மாமனாரின் பாடைக்கு முன்னால் அவனைக் கண்டதை நினைக்கக் கூடாது. அது ஒரு ஒப்பந்தம். யாரும் எழுதி வைக்காததால் எல்லாரும் அதை ஒழுங்காகக் கடைப்பிடித்து வந்தார்கள்.

இந்த ஒழுங்கைக் கெடுத்தது ஒரு யானை.

சீயோன் பேண்டின் நோட்டீஸ்களைத் திருநெல்வேலி டவுனில் குற்றாலலிங்கம் அச்சடித்துக் கொடுத்தார். அவர் அச்சுக்கூடத்தில் இருந்த படக்கட்டைகள் கொஞ்சம். அன்றைக்கு எது கையில் அகப்படுகிறதோ அதை நோட்டீஸ் தலையில் வைப்பார். ஒரு மாதம் தாமரை, ஒரு மாதம் மகாராணியின் தலை, ஒரு மாதம் யானை. அதே யானையை மூக்குப்பொடிக்கும் வைத்தார், சர்க்கஸுக்கும் வைத்தார், வேறொரு கூட்டமான ஜூபிலி பேண்டுக்கும் வைத்தார். குற்றாலத்தில் ஞானசிகாமணியின் வாசிப்பைக் கேட்டுவிட்டு, யானை நோட்டீஸை மடித்து மடியில் வைத்துக்கொண்டு செய்துங்கநல்லூரிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வந்தார்கள். யானை நோட்டீஸைக் காட்டி வழி கேட்டபோது யாரோ அவர்களை ஜூபிலி பேண்டுக்காரன் வீட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அவன் கூசாமல் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டான்.

சேதி கேட்டு ஞானசிகாமணி அச்சுக்கூடத்துக்கு ஓடினார்.

"யானைக்கு என்ன மாஸ்டர் கொறச்சல்? நல்ல யானைதான?" என்றார் குற்றாலலிங்கம்.

"யானை நல்ல யானைதான்வே. அது எவன் வீட்டு யானைன்னு தெரியாண்டாமா?"

வழியை அவருக்குக் காட்டியது மேலப்பாளையத்தில் பீர் மைதீனின் நூல் கடை. ஒரு நாள் அங்கே அவர் நின்றுகொண்டிருந்தபோது ஒரு நெசவாளி நூல் கட்டு ஒன்றை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். அவனுக்குப் புலிப் படம் ஒட்டிய கட்டு வேண்டும். கடையில் இருந்தது கிளிப் படம் ஒட்டிய கட்டு.

"பாருங்க மாஸ்டர்," என்றார் பீர் மைதீன். "ரெண்டும் ஒரே மில்லுல ஒரே கதிர்ல சுத்துன நூலு. அல்லா சத்தியமாச் சொல்லுதேன், கேக்க மாட்டேங்கான்."

"கிளி நூலு அறுந்துபோவும் மொதலாளி," என்றான் நெசவாளி. வெயிலில் நடந்தே திரும்பிப் போனான்.

ஞானசிகாமணி அங்கேயே நின்றார். மனிதன் நூலைக் கேட்கவில்லை, புலியைக் கேட்கிறான். ஒரு படத்தைப் பிடித்துக்கொண்டு அதை எங்கேயும் விடாமல் இருந்துவிட்டால் ஜனம் நம்மைக் கேட்டு வரும். கார்னெட் இன்னும் நன்றாக வாசித்தாலும் கேட்டு வருவார்கள் என்ற யோசனை அவருக்கு வந்ததாகத் தெரியவில்லை.

எந்தப் படம் என்பதில் வீட்டில் கொஞ்சம் பேச்சு நடந்தது. மனைவி ஜெபகனி குத்துவிளக்கைச் சொன்னாள். கிருபைராஜ் டிரம்மைச் சொன்னான். ஞானசிகாமணி வேதத்தைத் திறந்து, எக்காளம் ஊதும் தேவதூதனைக் காட்டினார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள் ஜெபகனி. "ஆனா கல்லறத் தோட்டத்துல பாதிக் கல்லு மேல அவருதான நிக்காரு?"

"அது உயிர்த்தெழுதலுக்கு அடையாளம். சந்தோஷமான காரியம்."

"எழும்புறதுக்கு முன்னால சாகணும்லா அத்தான்?" என்றான் கிருபைராஜ்.

"ஏலே, நீ டிரம்ம மட்டும் அடி."

கட்டை செதுக்க டவுனில் ஓர் ஆசாரி கிடைத்தார். கோயில் வாகனங்களுக்குச் செதுக்கிப் பழகிய கை. தேவதூதனை அவர் கண்டதில்லை. சொன்னதைக் கேட்டுக்கொண்டு, அம்மன் இடுப்பும், அன்னவாகனத்தின் சிறகும், கொம்பு வாத்தியம் மாதிரி வளைந்த எக்காளமுமாக ஒரு உருவத்தைச் செதுக்கிக் கொடுத்தார். சிறகு கால்வரை விரிந்து தொங்கியது. ஞானசிகாமணிக்கு ரொம்பத் திருப்தி.

கட்டையைக் கையில் வாங்கிய குற்றாலலிங்கம் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது யாரு மாஸ்டர், ஆம்பளையா பொம்பளையா?"

"தேவதூதன்வே."

"தூதனா?" குற்றாலலிங்கம் கட்டையைப் பைய மேசைமேல் வைத்தார். "எங்க பக்கத்துல வீடு தேடி வார தூதன் ஒருத்தன்தான். அவன் வந்தா ஆளக் கூட்டிட்டுத்தான் போவான்."

"அது ஒங்க தூதன். இது எங்க தூதன்."

"நோட்டீஸ் எங்க தெருவுக்கும் வருமுல்லா?" என்று கேட்டுவிட்டு அவர் மையைத் தடவினார். காசு கொடுப்பவரிடம் அதற்குமேல் வாதம் செய்வது அவர் வழக்கமில்லை.

தேவதூதன் நோட்டீஸில் ஏறினான், விலாசச் சீட்டில் ஏறினான், வண்டியின் கூண்டுத் துணியில் ஏறினான். டிரம்மின் இரண்டு பக்கமும் முகத்துக்கொரு தேவதூதன் கன்னம் உப்ப ஊதினான். நாவல்பழ நிறத்தில் எல்லாருக்கும் ஒரே துணியில் கோட்டு தைத்தாயிற்று. உள்ளே வெள்ளைத் துணி வைத்துத் தைத்து வந்த கோட்டுகளின் நெஞ்சில் தேவதூதனை மஞ்சள் நூலால் ஜெபகனி பூவேலை செய்தாள். மிஷன் பள்ளியில் கற்ற வேலை அது. ஊசி வெள்ளைத் துணியையும் துளைத்து உள்ளே போயிற்று. வெளியே தேவதூதன், உள்ளே முடிச்சும் பிசிறுமாக ஒரு நூல் கொத்து. உட்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள்?

அதோடு நிற்கவில்லை. எல்லாருக்கும் ஒரே மாதிரி மீசை வேண்டும் என்றார் ஞானசிகாமணி. கிருபைராஜுக்கு மீசை சரியாக வளராது. அவனை ஒரு வாரம் விளக்கெண்ணெய் தடவச் சொன்னார். பிறகு மையால் வரையச் சொன்னார். வெயிலில் அது கரைந்து வாய்க்குள் வழிந்தபிறகுதான் தேவதூதனுக்கு மீசை இல்லை என்பது அவர் கவனத்துக்கு வந்தது. கிருபைராஜ் பிழைத்தான்.

கடைசியாகப் பெரிய உத்தரவு வந்தது. இனிமேல் எந்த வீட்டுக்குப் போனாலும் இதே கோட்டு, இதே படம். இரவல் சிவப்பு இல்லை, பச்சைத் தலைப்பாகை இல்லை, எழவுக்குக் கறுப்புத் துணியும் இல்லை.

"எழவுக்குமா?" என்றான் கிருபைராஜ்.

"நாம ஒரே ஆளுதான? ஆளுக்கு ஆளு வேஷம் மாத்துறதுக்கு நாம கூத்தாடியா?"

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. உண்மையை ஊர்வலமாக நடத்திக் காட்டினால் ஊர் கைகூப்பும் என்று நம்பியதுதான் கோளாறு.

ஐப்பசியில் கல்லிடைக்குறிச்சியில் பெரிய பண்ணை சிவனணைந்த பிள்ளை காலமானார். பேரன் பேத்தி எடுத்து நிறைந்து வாழ்ந்த கிழவர். ஆகவே மேளம், பூப்பல்லக்கு, பொரி, சில்லறை என்று எல்லாவற்றோடும் ஒரு பேண்டும் வேண்டும் என்றார்கள். சீயோன் பேண்டு போயிற்று. ஆற்றங்கரைவரை தெருவுக்குத் தெரு ஜனம். பல்லக்குக்கு முன்னால் நாவல்பழக் கோட்டுகள் வரிசையாக நடக்க, டிரம்மிலிருந்து தேவதூதன் ஜனத்தைப் பார்த்து ஊதிக்கொண்டே போனான். பிள்ளைகள் படத்தைச் சுட்டிக்காட்டியதை ஞானசிகாமணி ஓரக்கண்ணால் பார்த்தார். அன்றைக்கு அவர் கொஞ்சம் நன்றாகவே வாசித்தார் என்றுகூடச் சொல்லலாம்.

பலன் உடனே வந்தது. சேரன்மகாதேவியிலிருந்து ஆள் வந்தான், பத்தமடையிலிருந்து வந்தான், ஆழ்வார்குறிச்சியிலிருந்து வந்தான். பெயர்கூடக் கேட்கவில்லை. ரெக்கை வைத்த படம் போட்டவர்கள் எங்கே என்று கேட்டுக்கொண்டு நேராக வந்தார்கள். வந்த எல்லாரும் வாசலிலேயே நின்று, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சேதி சொன்னார்கள். உள்ளே வந்து உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு சேதி சொல்கிற ஆள் ஒருவரும் வரவில்லை. தை வந்தது, போயிற்று. மாசியும் போயிற்று. ஒரு கல்யாணம் இல்லை.

"அத்தான், நம்ம வண்டி தெருவுக்குள்ள வந்தா கதவச் சாத்துதாவ," என்றான் கிருபைராஜ். "நேத்து ஒரு கெழவி என்னப் பாத்து, 'இன்னும் நாளாவும் போயிட்டு வா'ங்கா."

"படம் மனசுல பதிஞ்சிருக்குன்னு அர்த்தம்."

"பதிஞ்சிருக்கு. அதத்தான் சொல்லுதேன்."

குழல்காரர்கள் முணுமுணுத்தார்கள். எழவு வீட்டில் சோறு கிடையாது, கல்யாண வீட்டில் உண்டு. வாசிப்பவனுக்கு இந்த வித்தியாசம் பெரிது. பாம்பார்டன் என்ற பெருங்குழலை ஊதியவன் ஜூபிலி பேண்டுக்குப் போய்விடுவதாகப் பேச்சு அடிபட்டது. இப்படியே ஓர் ஆனியும் ஆவணியும் கழிந்தால் சீயோன் பேண்டு சாவு பேண்டாகவே நின்றுவிடும் என்பது ஞானசிகாமணிக்கும் உள்ளூரத் தெரிந்தது. தெரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல் நோட்டீஸில் படத்தை இன்னும் பெரிதாகப் போடச் சொன்னார்.

அந்தச் சமயத்தில் அம்பாசமுத்திரத்திலிருந்து ஓர் அழைப்பு வந்தது. மிராசுதார் வீரபாகு பிள்ளை மகளுக்கு வைகாசியில் கல்யாணம். மெட்ராஸில் படிக்கும் அவர் மூத்த மகன், வேனல் விடுமுறைக்கு வந்தவன், இங்கிலீஷ் பேண்டு இல்லாத ஊர்வலம் ஊர்வலமே இல்லை என்று அடம்பிடித்து ஆள் அனுப்பியிருந்தான். அந்தப் பக்கத்துப் பெரிய வீடுகள் அத்தனையும் அந்த ஊர்வலத்தில் நிற்கும். அங்கே ஒரு முறை வாசித்துவிட்டால் கதவுகள் மறுபடி திறக்கும். ஞானசிகாமணி கார்னெட்டைப் புளி போட்டுத் துலக்கினார். ஜெபகனி எல்லாக் கோட்டிலும் வெளிப்பக்கத்துப் பிசிறை மட்டும் நீக்கி மஞ்சள் நூலைப் புதுப்பித்தாள்.

ரயிலில் அம்பாசமுத்திரம் போய் இறங்கி, ஸ்டேஷனிலிருந்தே வரிசை கட்டி நடந்தார்கள். பொழுது சாயும் நேரம். பந்தல் வாசலில் வாழை கட்டியிருந்தது. பெண்ணின் தாயார் வடிவம்மாள், மாப்பிள்ளையை எதிர்கொள்ள ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு வந்தாள். எதிரே தெருமுனையில் டிரம் திரும்பியது.

தட்டு கீழே விழவில்லை. அவள் கெட்டிக்காரி, தட்டைப் பக்கத்தில் இருந்தவள் கையில் கொடுத்துவிட்டுத்தான் கத்தினாள்.

"ஐயோ, எங்க பெரியப்பாவக் கொண்டுபோன படம்லா அது!"

கல்லிடைக்குறிச்சி சிவனணைந்த பிள்ளை அவளுக்குப் பெரியப்பா. பெண்கள் தடதடவென்று உள்ளே போனார்கள். ஒருத்தி கல்யாணப் பெண்ணின் கண்ணைப் பொத்தி இழுத்துக்கொண்டு போனாள். மெட்ராஸ் மகன் எங்கே ஒளிந்தான் என்று தெரியவில்லை. வீரபாகு பிள்ளை மட்டும் தெருவில் இறங்கி வந்தார்.

"எவம்ல இவனுவள வரச் சொன்னது?" என்று பொதுவாக ஒரு சத்தம் போட்டுவிட்டு ஞானசிகாமணியிடம் திரும்பினார். "கேட்டீரா மாஸ்டரு. வந்த ஆளத் திருப்பி அனுப்புறது எங்க வீட்ல பழக்கமில்ல. அந்தப் படத்தையும் கோட்டையும் கழத்திப் போட்டுட்டு வாசியும்."

"அது முடியாது மொதலாளி."

"ஏன் முடியாது?"

"படத்த எடுத்துட்டா நாங்க யாருன்னு யாருக்குத் தெரியும்?"

"தெரியாண்டாம்ங்கேன்."

 பந்தலுக்குப் பின்னாலிருந்து சாம்பார் மணம் வந்துகொண்டிருந்தது. கிருபைராஜ் டிரம்மைக் கீழே இறக்கினான். கோட்டைக் கழற்றினான். உள்ளே போட ஒரு சட்டை கிடையாது. வெறும் மேலோடு பெரிய வீட்டுப் பந்தலில் நிற்க முடியாது. ஒரு கணம் கோட்டைக் கையில் வைத்துப் பார்த்தவன், அதன் கைகளை உள்ளிருந்து வெளியே இழுத்து, உள்வெளியாகப் புரட்டிப் போட்டுக்கொண்டான். நாவல்பழம் உள்ளே போயிற்று, வெள்ளை வெளியே வந்தது.

"லே, கிருபை!" என்றார் ஞானசிகாமணி.

"நீங்க நில்லுங்க அத்தான். எனக்குப் பசிக்கு."

கிளாரினெட்டுக்காரன் புரட்டினான். பாம்பார்டனும் புரட்டினான். எல்லாரும் வெள்ளை ஆனார்கள். வீட்டுக்காரர்கள் மஞ்சள் தடவிய புது வேட்டியைக் கொண்டுவந்து டிரம்மைச் சுற்றிக் கட்டி, அதன்மேல் ஒரு பூச்சரத்தையும் போட்டார்கள். வீரபாகு பிள்ளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இப்பத்தான் மனுசன் மாதிரி இருக்கிய," என்றார். பேண்டு உள்ளே போயிற்று. ஞானசிகாமணி தெருவில் நின்றார்.

கொஞ்ச நேரத்தில் தெரு ஜனம் அவர் நெஞ்சைப் பார்க்கத் தொடங்கியது. அவர் கோட்டைக் கழற்றி மடித்துக் கைமேல் போட்டுக்கொண்டு, பந்தலுக்கு வெளியே ஒரு வண்டியின் மறைவில் ஒதுங்கினார். அவருக்கு உள்ளே ஒரு வெள்ளைப் பனியன் இருந்தது. உள்ளே பாட்டு எழும்பியது. கார்னெட் இல்லாத இடத்தைக் கிளாரினெட் நிரப்பியது. நிரப்பவே முடியாது என்று அவர் பல வருஷமாகச் சொல்லிவந்த இடம் அது. பெரிய குறையாக யாருக்கும் படவில்லை.

பக்கத்தில் ஒரு கல்யாண விருந்தாளி வந்து நின்று பொடி போட்டார்.

"எப்பிடி வாசிக்கான் பாத்தீரா? இப்பிடி ஒரு மயிலு பேண்டு இருக்கையில, அந்தச் சாவுப் பயலுவள ஏன்தான் மொதல்ல வரச் சொன்னானுவளோ!"

"மயிலு பேண்டா?"

"பொம்பளையளப் போயிக் கேளும். அத்தன பேரு நெஞ்சுலயும் மயிலு. தோகைய விரிச்சிட்டு நிக்கி. நல்ல சகுனம்னு அந்த அம்மாளே சொல்லியாச்சு." பொடிக்காரர் அவர் கைமேல் கிடந்த கோட்டைக் குனிந்து பார்த்தார். மடிப்பில் உட்புறம்தான் மேலே இருந்தது. "இந்தா, இதுலயும் மயிலு! நீரும் அந்தக் கூட்டத்து ஆளுதான? பொறவு ஏன்வே இங்கன நிக்கீரு? பந்தி போட்டாச்சு."

ஞானசிகாமணி முதல்முறையாகத் தம் கோட்டின் உட்புறத்தைப் பார்த்தார். தேவதூதனின் எக்காளம் வளைந்து கழுத்தாகி இருந்தது. கால்வரை விரிந்த சிறகின் முடிச்சுகள் தோகைக் கண்களைப் போல் வரிசையாக நின்றன. ஜெபகனி எல்லாக் கோட்டிலும் ஒரே மாதிரி ஊசி ஓட்டியிருந்ததால் எல்லாக் கோட்டிலும் ஒரே மயில். அவர் ஊரெல்லாம் அலைந்து, ஆசாரி பிடித்து, மை தடவி, மீசை வரைந்து தேடிய அந்த ஒரே அடையாளம், கேட்பாரற்று நெஞ்சுக்கு உள்ளேயே இருந்திருக்கிறது. அது அவராக உண்டாக்கியது இல்லை என்பதுதான் அவரைச் சுட்டது.

ஊர்வலத்துக்குக் காஸ் விளக்கு ஏற்றினார்கள். பேண்டு வாசலில் வரிசை கட்டியது. முன்னால் கார்னெட்டுக்கு உரிய இடம் காலியாக இருந்தது. கிருபைராஜ் வண்டிப் பக்கம் பார்த்தான், கூப்பிடவில்லை. வரிசை அந்த இடத்தை விட்டுவிட்டே ஓர் அடி நகர்ந்தது. இன்னும் நாலு அடி போனால் அந்த இடம் மூடிக்கொள்ளும்.

ஞானசிகாமணி கோட்டைப் போட்டுக்கொண்டார். மடித்திருந்த பக்கமாகவே போட்டுக்கொண்டார். ஓடிப்போய் முன்னால் நின்று கார்னெட்டை வாயில் வைத்தார்.

"மயிலு நல்லாருக்கு அத்தான்," என்றான் கிருபைராஜ் பின்னாலிருந்து.

"வாய மூடிட்டு அடில."

அதன்பிறகு மயில் பேண்டைத் தேடி ஆட்கள் வரத் தொடங்கினார்கள். உள்ளே வந்து உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டார்கள். குற்றாலலிங்கத்திடம் மயில் கட்டை ஏற்கனவே இருந்தது. ஞானசிகாமணி அதைத் தொடவிடவில்லை. எவன் வீட்டு மயிலோ அது என்று சொல்லிவிட்டு, கோட்டின் உட்புறத்தைக் கொண்டுபோய் ஆசாரி முன்னால் விரித்து, இந்த முடிச்சு, இந்தப் பிசிறு, எதுவும் குறையக் கூடாது என்று தனிக் கட்டை செதுக்கச் சொன்னார்.

புதுக் கோட்டுகள் தைத்தபோது ஜெபகனி நேரடியாக ஒரு மயிலைப் போட்டுக் காட்டினாள். அழகான மயில்தான். அந்த மயில் இல்லை. எத்தனை முறை போட்டாலும் அது வரவில்லை. கடைசியில் அவள் உட்புறத்தில் தேவதூதனைப் பழையபடி ஒழுங்காகத் தைத்தாள், வெளிப்புறத்தில் மயில் தானாக வந்தது. கிளாரினெட்டுக்காரன் வீட்டில் ஒரு முறை பிசிறுகளை வெட்டி மயிலைச் சுத்தம் செய்துவிட்டார்கள். ஞானசிகாமணி அந்தக் கோட்டோடு அவனை ஊர்வலத்தில் சேர்க்கவில்லை. ஒழுங்கு என்றால் ஒழுங்கு என்றார்.

எழவு வீடுகளுக்கு அதே கோட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டு போனார்கள். நாவல்பழ நிறமும் தேவதூதனும் வெளியே வரும், கல்யாணத்துக்கென்று டிரம்மைச் சுற்றிக் கட்டுகிற உறை கழலும். பழைய ஒப்பந்தம் தன் இடத்துக்குத் திரும்பிவிட்டது. ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. ஞானசிகாமணியும் யாருக்கும் ஒன்றும் விளக்கவில்லை.

சில வருஷம் கழித்து வீரவநல்லூரில் ஓர் எழவு வீட்டில் காரியம் முடிந்து நிற்கையில், வீட்டுக்காரர் அவரிடம் வந்து, ஆவணியில் மகளுக்குக் கல்யாணம் வைத்திருப்பதாகச் சொன்னார்.

"தப்பா நெனைக்காதீரும் மாஸ்டரு. அதுக்கு ஒங்களக் கூப்புட முடியாது. மயிலு பேண்டுக்குத்தான் சொல்லணும்னு இருக்கோம். அவனுவ எப்பிடி?"

ஞானசிகாமணி கார்னெட்டிலிருந்து எச்சிலை உதறினார். நெஞ்சில் தேவதூதன் ஊதிக்கொண்டிருந்தான்.

"மோசமில்ல," என்றார். "நல்லாத்தான் வாசிப்பாங்க. ஆனா கார்னெட்டு மட்டும் நம்ம அளவுக்கு வராது."